அழைப்பவர் பெயர் வரும் இடம்

2001-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரியலூர் தனி மாவட்டம் ஆனது. 2002 மார்ச் முடிவில் அதைக் கலைத்துப் பழையபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். ஏன் சேர்த்தார்கள் என்பதை அரசியல் தெரிந்தவர்கள் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது அதனால் எங்களுக்கு வந்த வேலை. அந்த ஏப்ரல் முழுவதும் நானும் என்னோடு வேலை பார்த்த பெண்ணும் நூற்றுக்கணக்கான இணையப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, 'அரியலூர் மாவட்டம்' என்று இருந்ததை அழித்து 'பெரம்பலூர் மாவட்டம்' என்று அடித்துக்கொண்டிருந்தோம்.

எல்லாம் கல்யாணப் பத்திரிகைகள். எங்கள் முதலாளிக்கு அரியலூரில் ஸ்டேஷன் பக்கம் ஆப்செட் பிரஸ் இருந்தது. அச்சடித்துக் கொடுக்கும் பத்திரிகையை அப்படியே இணையத்திலும் போட்டால், சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள் என்று அவருக்கு ஒரு யோசனை. அதற்காகப் பெரம்பலூரில் துறையூர் ரோட்டில் உரக்கடைக்கு மேலே ஓர் அறை எடுத்தார். அரியலூரின் சிமெண்ட் தூசி கம்ப்யூட்டருக்கு ஆகாது என்பது அவர் சொன்ன காரணம். பிரஸ்ஸில் மைத்துனர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பது உண்மையான காரணம். ஜெயங்கொண்டம், பாடாலூர், கீழப்பழுவூர் என்று ஊருக்கொரு பிரௌசிங் சென்டரில் ஏஜெண்டு வைத்திருந்தார். அவர்கள் விவரம் வாங்கி அனுப்புவார்கள்; நாங்கள் பக்கம் செய்வோம்.

"முடிஞ்சு போன கல்யாணத்துக்கெல்லாம் எதுக்கு சார் மாவட்டம் மாத்தணும்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"கல்யாணம் முடிஞ்சா மண்டபம் வேற ஊருக்குப் போயிடுமா? மாத்தும்மா. எம்.சி.ஏ. படிச்சுட்டு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி" என்றார் முதலாளி.

அவள் வேப்பந்தட்டைப் பக்கத்து கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா மோட்டார் கொட்டகையில் மின்சாரம் தாக்கி இறந்துவிட்டார். அதன்பிறகு அம்மா ஒருத்தியே சின்ன வெங்காயமும் பருத்தியும் போட்டு, பட்டமும் அதற்குமேல் எம்.சி.ஏ.-வும் படிக்க வைத்தாள். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவின் தம்பி, அவளுடைய சித்தப்பா, பக்கத்து வீட்டிலேயே இருந்தார். பொது வரப்பைத் தன் பக்கமாக நகர்த்தியதைத் தவிர அந்த வருஷங்களில் அவர் எதுவும் செய்ததாக நான் கேள்விப்படவில்லை. அவள் என்னைவிட மூன்று வயது சின்னவள். என்னை அண்ணா என்பாள்.

ஏப்ரல் மாத வேலை முடிந்ததும் அவள் சொன்னாள்: "இன்னொரு தடவ இத நான் பண்ண மாட்டேண்ணா. மாவட்டத்த அவுங்க திரும்பப் பிரிப்பாங்க. நாம பக்கத்த இப்பவே பிரிச்சுடுவோம்."

அவள் சொன்னது போலவே 2007-இல் மாவட்டத்தைத் திரும்பப் பிரித்தார்கள். அப்போது எங்கள் அறையே இல்லை. ஆனால் 2002 வைகாசியிலிருந்து ஆவணி வரை அவள் செய்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது தெரியாமல் பிறகு நடந்தது புரியாது.

பத்திரிகையின் உருவம் வேறு, அதில் வரும் பெயர்களும் தேதியும் வேறு. உருவத்தை ஒரு கோப்பில் ஒரே ஒருமுறை எழுதி, பெயர் வரும் இடங்களில் ஓட்டை விட்டுவிட வேண்டும். பெயர்கள் தனியாக இருக்கும். சிங்கப்பூரில் ஒருவர் பக்கத்தைக் கேட்கும்போது, எங்கோ வெளிநாட்டில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த சர்வர் அந்த நொடியில் இரண்டையும் சேர்த்து அனுப்பும். அப்புறம் மாவட்டம் மாறினால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். இதற்கென்றே ஆயத்தமான மென்பொருள்கள் அப்போதே இருந்தன. எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தாள். ஒன்றுகூட எங்கள் பிரஸ்ஸுக்கு ஒத்துவரவில்லை.

காரணம் எழுத்துரு. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்களில் எழுத்துகளுக்கு இடம் போதாமல், ஆங்கில விசைப்பலகையின் அடைப்புக்குறிகளில் எல்லாம் தமிழ் எழுத்தைக் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். வெளிநாட்டுக்காரர்கள் ஓட்டையைக் காட்டுவதற்கு வளைந்த அடைப்பைப் பயன்படுத்தினார்கள். எங்கள் எழுத்துருவில் வளைந்த அடைப்பை அடித்தால் திரையில் ஷகரம் வரும். 'ஷண்முகம்' என்று ஒரு மாப்பிள்ளை வந்தால் போதும், சர்வர் அவர் பெயரை ஓட்டை என்று நினைத்து அதற்குப் பிறகு வரும் பத்திரிகை முழுவதையும் விழுங்கிவிடும். பிரஸ்ஸிலும் ஏஜெண்டுகளிடமும் இருந்த அத்தனை எழுத்துருக்களையும் அவள் அட்டவணையாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினாள். எந்த எழுத்துருவும் தொடாத குறி ஒன்றே ஒன்று தேறியது: ஹாஷ் (#). இரண்டு ஹாஷுக்கு நடுவே வருவது ஓட்டை என்று வைத்தாள்.

அந்த மொழிக்கு மொத்தம் நான்கே கட்டளைகள். 'இருந்தால்', 'இல்லையேல்', 'ஒவ்வொரு', 'முடிந்தது'. ஆங்கில எழுத்தில் அடிக்கவேண்டும். கூட்டல் கழித்தலாவது வேண்டாமா என்று நான் வாதாடினேன். வேண்டாம் என்றாள்.

"பக்கம் தானா யோசிக்க ஆரம்பிச்சா, தப்பு வந்தா எங்க வந்துச்சுன்னு தேட முடியாதுண்ணா. அது சொன்னத மட்டும் செய்யட்டும்."

என் பங்கு திருத்தும் கருவி. ஏஜெண்டு பிரௌசரில் திறந்தால் இடப்பக்கம் கட்டங்கள் வரும்: மணமகன், மணமகள், தந்தை, தாய், தாய்மாமன், மண்டபம். நிரப்ப நிரப்ப வலப்பக்கம் பத்திரிகை தெரியும். கட்டமாகக் காட்டாத எதையும் ஏஜெண்டால் தொடமுடியாது. முதலாளிக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. "அவனுங்க கைய வெக்கிற எடம் எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்லது" என்றார்.

எங்கள் பத்திரிகையின் அமைப்பு பிரஸ்ஸில் காலம்காலமாகக் கோத்துவந்த அமைப்பே. நடுவில், இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் என்று தகப்பன் பெயர் மட்டும். கடைசியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு அதன்கீழ் தகப்பனும் தாயும் சேர்ந்து. தாயின் பெயர் பத்திரிகையிலேயே அந்த ஓர் இடத்தில்தான் வரும்.

2003 தை மாதம் கீழப்பழுவூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் தகப்பனார் இறந்து வெகுநாள் ஆகிவிட்டது. ஏஜெண்டு தந்தை என்ற கட்டத்தில் 'காலஞ்சென்ற' என்று சேர்த்து அடித்திருந்தான். நடுவில் வந்தது சரியாக இருந்தது. கடைசியிலும் அதே கட்டம் என்பதால், காலஞ்சென்றவர் தன் மனைவியோடு சேர்ந்து நின்று தங்கள் நல்வரவை விரும்பிக்கொண்டிருந்தார். அச்சான பத்திரிகையில் பிரஸ்காரர்கள் கையால் திருத்திவிட்டார்கள். இணையத்தில் அப்படியே போயிற்று. சிங்கப்பூரில் இருந்த தம்பி மகன் போன் போட்டானாம்: "பெரியப்பா எங்க நின்னுட்டு அழைக்கிறாரு? நாங்க மண்டபத்துக்கு வரணுமா, சுடுகாட்டுக்கு வரணுமா?"

அந்த வீட்டு ஆட்கள் நாலு பேர் மாடி ஏறி வந்தார்கள். முதலாளியைச் சட்டையைப் பிடித்துத் தூக்காத குறை. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர்கள் இறங்கிப் போன செருப்புச் சத்தம் அடங்கியதும் அவள் பக்கம் திரும்பினார்.

"செத்தவன் பத்திரிக வெப்பானாம்மா? உங்க வூட்ல வெப்பாரா?"

"மாத்திடறேன் சார்" என்றாள். "அப்பா இல்லன்னு ஒரு டிக் வெச்சுடலாம். டிக் இருந்தா கீழ அம்மா பேரு மட்டும் வரும்."

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். சந்தோஷமாகவே சிரித்தார்.

"தாலி அறுத்தவ வாங்க வாங்கன்னு கூப்ட்டா எவன் வருவான்? உனக்கு இது தெரியாதாம்மா? உங்க வூட்லயே ஆள் இருக்கே. டிக் இருந்தா பெரியப்பன் பேரு. அவன் இல்லியா, சித்தப்பன். அவனும் இல்லியா, தாத்தன், தாய்மாமன். எழுது."

இப்படித்தான் அவளுடைய நான்கு சொல் மொழிக்கு முதல் பெரிய வேலை வந்தது. 'இருந்தால்', 'இல்லையேல்', மறுபடி 'இருந்தால்', மறுபடி 'இல்லையேல்' என்று ஏணிப்படி மாதிரி இறங்கும் ஒரு விதி. ரொம்பச் சுத்தமாக எழுதியிருந்தாள். ஏணியின் கடைசிப் படியில், எந்த ஆண் பெயரும் இல்லாவிட்டால் மட்டும், அம்மா என்று வைத்திருந்தாள்.

முதலாளி சோதித்துப் பார்க்கிற மனிதர். எல்லா ஆண் கட்டங்களையும் காலியாக விட்டுப் பார்த்தார். அம்மா பெயர் வந்து நின்றது.

"இது என்ன பூச்சி?" என்றார். நிரலில் வரும் தப்பை நாங்கள் 'பக்' என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

"யாருமே இல்லாத வூடு சார் அது. வேற யாரு அழைப்பா?"

"சுற்றமும் நட்பும்னு போடு. அவுங்க அழைப்பாங்க."

அவள் போட்டாள். ஊர் பேர் இல்லாத சுற்றமும் முகம் இல்லாத நட்பும் பெற்றவளுக்கு முன்னால் வந்தார்கள். அந்த விதியை மாற்றுவதற்கு ஏஜெண்டுகளின் திரையில் கட்டம் வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். "கேட்டா சண்ட வரும். கேக்காமயே சரியா வந்துட்டா மெஷினுக்கு மரியாத." பிரஸ்ஸிலும் எங்கள் பக்கத்தில் வருவதையே அப்படியே அச்சடிக்கத் தொடங்கினார்கள். அவர் சொன்னது பலித்தது. "மத்த எடத்துல போனா அத எடு, இதப் போடுன்னு சொல்லணும். உங்க கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியுது" என்று ஆண்டிமடம் பக்கத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து பாராட்டிவிட்டுப் போனார். ஓராண்டுக்கு மேல் அந்த விதி எத்தனையோ பத்திரிகைகளில் வேலை செய்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2004 மாசியில் ஒரு பெண்மணி வந்தார். கணவரை இழந்து, பாடாலூரில் ஹைவேஸ் ஓரம் இட்லிக் கடை வைத்திருப்பவர். மகனின் கல்யாணப் பத்திரிகையை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஏஜெண்டும் கூட வந்திருந்தான்.

"ஏம்ப்பா, இதுல எம் பேரு எங்கன்னு இந்தத் தம்பியக் கேட்டேன். சொல்ல மாட்டேங்குது. நீங்க சொல்லுங்க."

"சொன்னேன்ல ஆயா" என்றான் ஏஜெண்டு. "உங்க பேர கம்ப்யூட்டர் எடுத்துக்கல. நான் என்ன பண்றது?"

"எடுத்துக்கலன்னா? தமிழ்ப் பேருதான?"

முதலாளி தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "ஆமாம்மா, சிலது எடுத்துக்காது. அமெரிக்காவுல இருக்கிற மெஷினு. அதுக்கு யாரு எவருன்னு தெரியும்."

ஏஜெண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அந்த அம்மாள் எங்களுக்கு முன்னால் இருந்த பெட்டியைக் கொஞ்சநேரம் பார்த்தார். மெஷினிடம் கோபித்துக்கொள்ள முடியாது அல்லவா. "அப்படியா" என்று சொல்லிவிட்டு, பத்திரிகையைத் திரும்பவும் சுற்றிக்கொண்டு படி இறங்கினார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் தட்டச்சுவதை நிறுத்தியிருந்தாள்.

அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஜெயங்கொண்டம் பக்கம், சிமெண்ட் ஆலை லேப்பில் வேலை. வைகாசியில் முகூர்த்தம். பத்திரிகை அச்சடிப்பது தன் அன்பளிப்பு என்று முதலாளி சொல்லிவிட்டார். வாயால் எவ்வளவு கொட்டினாலும் இந்த மாதிரிக் காரியங்களில் அவர் கை தாராளம்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே அவள் என்னிடம் பேசினாள்.

"கீழ எங்கம்மா பேருதாண்ணா வரணும். சித்தப்பா பேரு வரக்கூடாது."

"வந்தா என்ன ஆயிடும்?"

"வெங்காயத்துக்குத் தண்ணி பாச்சினது யாரு, அவரா? பஸ்ஸுக்குக் காசு குடுத்தது அவரா? அந்தாளு அழைச்சு நான் மணையில உக்காரணுமா? அம்மா பேரு வரலன்னா எனக்கு அந்தப் பத்திரிகையே வேணாம்."

தன் பத்திரிகைக்கு மட்டும் விதியை மீறி அவள் எழுதியிருக்கலாம். யாருக்கும் தெரியாமல் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. அவள் அப்படிச் செய்யவில்லை. மொழியிலேயே ஐந்தாவதாக ஒரு சொல்லைச் சேர்த்தாள்: 'அழைப்பவர்'. வீட்டார் யார் பெயரையாவது சொன்னால், அந்த முழு ஏணியையும் தாண்டி அந்தப் பெயரே வரும். சொல்லாவிட்டால் பழைய விதி. திருத்தும் கருவியில் நான் அதற்கொரு கட்டம் வைத்தேன். எல்லா ஏஜெண்டுகளின் திரையிலும் அது தெரிந்தது. முதலாளியிடம் நேரே போய்ச் சொன்னாள்.

அவர் நாற்காலியில் சாய்ந்து அவளை மேலும் கீழும் பார்த்தார். "உன் கல்யாணம். உன் அம்மா. போடு, போடு. எவன் வர்றான்னு நானும் பாக்குறேன்."

சித்திரை முடிவில் பத்திரிகை அச்சாகி வந்தது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதன்கீழ் அவளுடைய அம்மாவின் பெயர் தனியாக, ஒரே வரியாக இருந்தது. ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். மறுநாள் வந்து சொன்னாள்:

"அம்மா எது எம் பேருன்னு கேட்டுச்சுண்ணா. வெரல் வெச்சுக் காட்டினேன். கடைசி வரின்னேன். அப்பறம் இன்னொரு கார்டு எடுத்து, இதுலயும் இங்கதான் இருக்குமான்னு கேக்குது. எல்லாத்துலயும் அங்கதான்மான்னேன். எல்லாத்துலயும் தடவித் தடவிப் பாத்துச்சு."

அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் சித்தப்பா எங்கள் மாடிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, அக்குளில் ஒரு பத்திரிகை. அவளைப் பார்க்காமல் முதலாளியின் முன்னால் போய் நின்றார்.

"என்னங்க, நான் செத்துட்டேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"உக்காருங்க, உக்காருங்க" என்றார் முதலாளி.

"உக்கார வரல. ஊர்ல ஒருத்தன் பாக்கி இல்ல, கேக்குறான். உங்க அண்ணன் போனதோட நீயும் போயிட்டியான்னு. மாப்ள வூட்டுக்காரங்க நேத்து ஆள் அனுப்பிட்டாங்க. முண்டச்சி அழைச்சு நாங்க வந்து பந்தியில உக்காரணுமான்னு கேட்டு அனுப்பியிருக்காங்க. மொத பத்திரிகய கோயில்ல வெக்கவே பூசாரி யோசிக்கிறாரு."

"நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றார் முதலாளி. "படிச்ச புள்ள. கேக்கல."

அவள் எழுந்தாள். "சித்தப்பா, அம்மா பேர எடுக்க மாட்டேன்."

அப்போதுதான் அவர் அவள் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை. "எடுக்காத. நான் எடுக்கச் சொல்லல. ஆனா உன்ன தார வாக்க நான் வரமாட்டேன். உங்கம்மா வாக்க முடியாது. தாய்மாமன் குவைத்துல கெடக்கான். மணையில உக்காந்துட்டு, யாரு கையப் புடிச்சுக் குடுக்குறான்னு பாத்துட்டு இரு. கம்ப்யூட்டர் வந்து புடிச்சுக் குடுக்கட்டும்."

முதலாளி சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. சித்தப்பாவும் தான் சொன்னது நன்றாக வந்துவிட்டதில் லேசாகச் சிரித்தார். இரண்டு பேரும் டீ குடித்தார்கள். வேறு கார்டு அடிக்க நாள் இல்லை, பிரஸ்ஸில் முகூர்த்தக் கூட்டம் என்று முதலாளி சொன்னார். "வேணும்னா ஒரு கோடு இழுத்துவுட்டுக் குடுங்க. தப்பு அச்சுன்னு நெனச்சுக்குவாங்க." சித்தப்பா அதை யோசித்துக்கொண்டே படி இறங்கினார்.

அன்று மாலை பஸ் ஏறுமுன் அவள் என்னிடம், "பாக்கலாம்ணா. அம்மா என் பக்கம் இருந்தா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விலாசம் எழுத உதவிக்கு வரச்சொல்லியிருந்தாள். நான் என் டி.வி.எஸ்.50-இல் போனேன். வேப்பந்தட்டை தாண்டிப் போகும்போது மலைப்பக்கம் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் சாமியானாக் கம்புகள் வந்து இறங்கியிருந்தன. அவள் கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். சித்தி, அதாவது சித்தப்பாவின் மனைவி, எனக்குத் தண்ணீர் கொடுத்து உள்ளே போகச் சொன்னாள்.

உள்ளே அவளுடைய அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் பத்திரிகைக் கட்டு. மறுபக்கம் முடிந்தவை. கையில் கருப்பு ஸ்கெட்ச் பேனா. ஒரு பத்திரிகையை எடுத்து, விரித்து, அடியில் இருந்த கடைசி வரியைத் தொட்டுப் பார்த்து, அதன்மேல் பேனாவை வைத்து மெதுவாக இழுத்தாள். ஊதினாள். மடித்து அந்தப் பக்கம் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"வாங்க தம்பி" என்றாள். "ஒக்காருங்க. மை காயுற வரைக்கும் மடிக்கக் கூடாதாம்ல. சின்னவரு சொன்னாரு, அவ சித்தப்பா."

"ஏம்மா இது?"

"மாப்ள வூட்ல நின்னுருச்சுன்னா எம் மவ கதி என்ன தம்பி? எம் பேரு என்ன பெரிய பேரு. எது எம் பேருன்னு எனக்குத் தெரியாமத்தான் இருந்துச்சு. நல்ல வேள, அவளே காட்டிக் குடுத்தா."

வாசலில் சித்தி யாரிடமோ, "பாவம், கை நடுக்கமில்லாம இழுக்குது" என்று சொல்வது கேட்டது.

நான் முடிந்த பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கோடு நேராகத்தான் இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதில் பத்திரிகையைத் தலைகீழாக வைத்து இழுத்திருந்தாள். கீழே இருந்த அம்மாவின் பெயர் அப்படியே இருந்தது. மேலே முதல் வரியில் இருந்த குலதெய்வத்தின் பெயர் போய்விட்டிருந்தது. மூன்றாவதில் கோடு நடுவே விழுந்து, காலஞ்சென்ற அவள் கணவரின் பெயரை மறைத்திருந்தது. அதை மடித்துப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

மகள் கடையிலிருந்து பையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். அம்மாவையும் பேனாவையும் பார்த்தாள். அம்மா தலை நிமிரவில்லை. அடுத்த பத்திரிகையை எடுத்து விரித்தாள். அதுவும் தலைகீழாக இருந்தது. பேனாவைக் கொண்டுபோனாள்.

"அம்மா, அது சாமி பேரு."

அம்மாவின் கை நின்றது. "அய்யய்யோ. எத்தன போயிருக்கும்?"

அவள் பையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். முடிந்த கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கெட்டதைத் தனியே வைத்தாள். அவள் ஏதாவது சொல்வாள், கட்டை விசிறியெறிவாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அம்மாவின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள்.

"விடு. நீ பண்ணா அப்பா பேரும் போயிடுது. நான் பண்றேன்."

மிச்சம் முழுவதும் அவள்தான் இழுத்தாள். ஸ்கேல் வைத்து இழுத்தாள். ஒரு பத்திரிகைகூட அதன்பிறகு கெடவில்லை. அம்மா ஒவ்வொன்றாக விரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் விலாசம் எழுதினேன்.

திங்கட்கிழமை முதலாளி என்னிடம் இணையப் பக்கத்தையும் சரிசெய்யச் சொன்னார். தான் ஏற்கெனவே சரிசெய்துவிட்டதாக அவள் சொன்னாள். திறந்து பார்த்தேன். கீழே சித்தப்பாவின் பெயர் இருந்தது. அதற்காக அவள் ஒன்றும் புதிதாக எழுதவில்லை. அழைப்பவர் கட்டத்தைக் காலியாக்கியிருக்கிறாள். பழைய விதி மிச்சத்தைச் செய்துகொண்டது. அந்தக் கட்டத்தையே எடுத்துவிடட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

"எதுக்கு? இருக்கட்டும்" என்றார். "இன்னும் எவளாவது போடுறாளான்னு பாப்போம்."

2006-இல் நாங்கள் அறையைக் காலி செய்யும்வரை அந்தக் கட்டம் எல்லா ஏஜெண்டுகளின் திரையிலும் இருந்தது. ஒருவரும் அதை நிரப்பவில்லை. ஏஜெண்டுகளின் விரல் தானாக அதைத் தாண்டப் பழகிவிட்டது.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. முதலாளி குடும்பத்தோடு வந்தார். வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற சித்தப்பா அவருக்குச் சால்வை போட்டார். கருப்பு ஸ்கெட்ச் பேனாவின் மை ஒரு விஷயத்தில் எங்களை ஏமாற்றியிருந்தது. வழவழப்பான அந்தத் தாளில் அது முழுதாக மறைக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் இருந்த அச்சு தெரிந்தது. அடித்த வரியில் என்ன இருந்தது என்று பார்க்க எல்லா வீட்டிலும் ஜன்னலோரம் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் பெயரை மறந்து வந்தவர்கள்கூட அந்த அம்மாவின் பெயரை மனப்பாடமாகச் சொன்னார்கள்.

அம்மா மண்டபத்தின் பின்பக்கம் காய் நறுக்குகிற இடத்தில் இருந்தாள். முகூர்த்தம் முடிந்து மணமக்கள் காலில் விழ வந்தபோதுதான் முன்னால் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அரைவட்டமாக நின்றிருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை, தாம்பூலத் தட்டோடு நின்றவள், எல்லோருக்கும் கேட்கும்படிக் கேட்டாள்:

"என்ன சம்பந்தி, பத்திரிகையில நீங்களே எங்கள அழைக்கணும்னு ஆசப்பட்டீங்களாமே?"

சிரிப்பு எழுந்தது. மாலையும் கழுத்துமாக அவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் எதுக்குங்க ஆசப்படப் போறேன்" என்றாள். "அது என்ன எழுத்துன்னே எனக்குத் தெரியாது. இந்தக் கழுததான் என்னக் கேக்காம செஞ்சுருச்சு. வெவரம் இல்லாதவ. நீங்கதான் பாத்து, ரெண்டு அடி போட்டு வெச்சுக்கணும்."

"வெச்சுக்குவோம், வெச்சுக்குவோம்" என்றாள் அத்தை.

அவள் குனிந்து அம்மாவின் காலைத் தொட்டாள். புகைப்படக்காரர் இன்னொருமுறை குனியச் சொன்னார். குனிந்தாள்.